பெயர் வேண்டாம் என்றார் பாட்டி

கேமரன் மலைக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுப்போம். ஸ்ட்ராபெரி வாங்குவோம். குளிருக்கு இதமாக ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் தாப்பா வழியாக இறங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற பள்ளி விடுமுறையில் ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் அந்தப் பாட்டியைச் சந்திக்கும் வரை.

"நீ ரேடியோவுல பேசுற புள்ளதானே?" என்று குரலை வைத்தே கண்டுபிடித்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவசரகாலம் பற்றிக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யப் போனேன். "அத அணைச்சிடும்மா" என்றார். அணைத்த பிறகுதான் பேசினார்.

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அது நீடித்தது. உண்மையில் அது போர்தான். ஆனால் போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பதால் அந்தச் சொல் தவிர்க்கப்பட்டதாகக் கூறுவார்கள்.

12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாளக் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அந்தக் கார்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவர்களை ராணுவம் சந்தேகித்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தொழிலாளர்கள்.

"ராத்திரி வந்தவங்க அரிசி கேட்டாங்க. அப்பாவோட கார்டையும் கிழிச்சிட்டாங்க. விடிஞ்சதும் பட்டாளம் வந்துச்சு. யாருக்கு அரிசி கொடுத்தேன்னு கேட்டு லாரியில ஏத்திட்டாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு."

விசாரணை இல்லாமலேயே ஒருவரை ஈராண்டு வரை தடுத்து வைக்க அவசரகாலச் சட்டம் இடம் கொடுத்தது.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களைச் சுற்றியும் முள்கம்பி வேலி எழுந்தது. அரிசிக்குப் பங்கீடு. காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கக்கூடாது என்று, கடையில் விற்கும் டின் உணவைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள்.

"கேட்டுல காவல் நின்ன மலாய்க்காரத் தம்பிக்கு மீசைகூடச் சரியா முளைக்கல. காட்டுல கிளை முறிஞ்சாலே துப்பாக்கி நடுங்கும். அம்மாதான் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பாங்க. அப்பா எங்க இருக்காருன்னு விசாரிச்சுச் சொன்னதும் அவர்தான்."

எதிரே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களிலும் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 18, 19 வயதுப் பையன்கள். அந்த 12 ஆண்டுகளில் பாதுகாப்புப் படையினர் 1,800க்கும் மேற்பட்டோர், கம்யூனிஸ்டுகள் 6,700க்கும் மேற்பட்டோர், பொதுமக்கள் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர்.

பாட்டியின் அப்பா இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பினார். அதற்குள் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டிருந்தார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, லயமே சேர்ந்தபோதும் அவர் சேரவில்லை. "சங்கம்னு சொன்னாலே எழுந்து உள்ள போயிடுவாரு. அன்னைக்கு ராத்திரி அரிசி கொடுத்தாரா இல்லையான்னு சாகுற வரைக்கும் சொல்லல. நாங்களும் கேக்கல."

விடைபெறும்போது, பத்திரிகையில் பெயர் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. யாராச்சும் வந்து கேட்டா?"

1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் அமைதி ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது, இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றேன். பாட்டி தலையை ஆட்டினார். ஆனாலும் வேண்டாம் என்றார். அதனால் இங்கே பெயர் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் போய் உட்காருங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.