தீய்ந்த வாடையை மறைக்காதீர், வெளியேற்றுங்கள்

பால் பொங்கி வழிந்து கருகுவதும், பருப்பு அடிப்பிடிப்பதும், தாளிப்பில் காய்ந்த மிளகாய் தீய்ந்துபோவதும் எல்லா இல்லங்களிலும் நிகழ்பவையே. நலமாக உள்ளோர் இருமுறை இருமிவிட்டு அதனை மறந்துவிடுவர். ஆனால் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய் விட்டுச்சென்ற நுரையீரல் தழும்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றால் துன்புறுவோர் அவ்வீட்டில் இருப்பின், அதே வாடை ஓர் இரவு முழுவதும் நீடிக்கும் மூச்சுத்திணறலாக மாறக்கூடும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்பு பின்கட்டில் இருந்தது. புகை ஓட்டிடுக்கு வழியே வெளியேறியது. இன்று பல குடும்பங்கள் இரண்டு அறைகள் கொண்ட கான்கிரீட் வீட்டில் வாழ்கின்றன. சமையற்கட்டுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே பத்தடி தொலைவுகூட இருப்பதில்லை. ஆகவே, தீய்ந்த வாடையைப் போக்குவதும் நோயாளிப் பராமரிப்பின் ஒரு பகுதியாகிறது.

வாடை என்பது யாது?

வாடை வேறு, புகை வேறு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், கண்ணுக்குத் தெரிந்த புகை மறைந்த பின்னரும் அதன் வாயுக்களும் நுண்துகள்களும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறும்போது உண்டாகும் அக்ரோலின் என்னும் வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். மிளகாய் நெடிக்குக் காரணமான கேப்சைசின், மூச்சுக்குழலின் நரம்புகளைத் தூண்டி இருமலை எழுப்பும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருப்பதால், நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடும்.

சமையற்கட்டுக் காற்றை மாற்ற முடியும் என்பதற்கு நம் அண்டை மாவட்டத்திலேயே சான்று உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் பங்கேற்ற நான்கு நாடுகளின் ஆய்வு, 2018ஆம் ஆண்டு முதல் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் நடைபெற்றது. நான்கு நாடுகளையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள் இதில் இடம்பெற்றனர். விறகு முதலியவற்றில் சமைத்தோர் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியோரிடம் அது ஏறத்தாழ 24. குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை எனினும், அடுப்பு மாறினால் சுவாசிக்கும் காற்றும் மாறும் என்பது தெளிவாயிற்று. எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் எஞ்சியிருப்பது, தீய்ந்த உணவும் புகைந்த எண்ணெயும் தரும் புகையே.

முதலில் இனம் காணுங்கள்

எந்த வாடை என்று அறியாமல் மின்விசிறியைப் போடாதீர்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டால், தீய்ந்த வாடையோடு எரிவாயுவும் கசிந்துகொண்டிருக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். கசிவை உணர்வதற்காகவே அதில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் சேர்க்கப்படுகிறது. அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்நாற்றம் வந்தால், எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறிய பின் 1906 என்னும் எண்ணை அழையுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடையாயின், மின்கம்பியோ கருவியோ சூடேறியிருக்கலாம். மெயின் சுவிட்சை அணையுங்கள். வாடையே இல்லாத ஆபத்தும் ஒன்றுண்டு. மூடிய அறையில் கரியோ விறகோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வீட்டில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி ஏற்பட்டால் அதனை ஐயுற வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பிக் காத்திருக்கலாகாது.

முதல் 10 நிமிடங்கள்

தீய்ந்தது உணவுதான் என்று உறுதியானால், அடுப்பை அணைத்து நோயாளியை முதலில் வெளியே அழைத்துச் செல்லுங்கள். திண்ணையோ, மரநிழலோ, பக்கத்து வீடோ போதும். அதன்பின், பாத்திரத்தை மூடியால் மூடிக் கொல்லைப்புறத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். அடியில் கனலும் காந்தல்தான் வாடையின் ஊற்று. அது உள்ளே இருக்கும்வரை எதுவும் பயன் தராது. எண்ணெயே தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாத்திரத்தைத் தூக்கவும் செய்யாதீர்கள். மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, ஆறும்வரை விட்டுவிடுங்கள்.

அடுத்து, காற்றுக்கு நுழைவழியும் வெளிவழியும் அமைத்துக் கொடுங்கள். ஒரு சன்னல் மட்டும் திறந்தால் காற்று சுழன்று அங்கேயே நிற்கும். நம் பகுதியில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வீசும். வாஸ்து நோக்கி அக்னி மூலையாகிய தென்கிழக்கில் சமையற்கட்டு அமைந்த வீடுகளில், இக்காற்று புகையை நேராகக் கூடத்திற்குள் தள்ளிவிடும். அத்தகைய வீடுகளில் சமையற்கட்டின் உட்கதவைச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து, மேசை மின்விசிறியை வெளிநோக்கி வையுங்கள். கூரை மின்விசிறி புகையை அறையெங்கும் பரப்பும். முதலில் அதனைத் தவிர்ப்பது நன்று.

ஊதுபத்தி தீர்வன்று

வாடை வந்ததும் ஊதுபத்தியோ சாம்பிராணியோ ஏற்றுவது பலரின் வழக்கம். வழிபாட்டுக்கு ஏற்றுவது வேறு. வாடையை மறைக்க ஏற்றுவது வேறு. பின்னதில் நாம் செய்வது, ஒரு புகையின் மேல் மற்றொரு புகையைச் சேர்ப்பதே. மணத்தெளிப்பான்களும் காற்றைத் தூய்மையாக்குவதில்லை. சிலருக்கு அவையே ஆஸ்துமாவைத் தூண்டும். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர் இருப்பின், ஊதுபத்தி, விளக்கு, அடுப்பு யாவும் குறைந்தது 10 அடி தள்ளியே இருக்க வேண்டும். ஆக்சிஜன் சூழலில் சிறு பொறியும் பெருந்தீயாகும்.

தங்கிவிட்ட வாடை

மறுநாளும் வாடை இருப்பின், அது துணிகளிலும் எண்ணெய்ப் படலத்திலும் தங்கியிருக்கிறது என்று பொருள். நோயாளியின் தலையணை உறை, போர்வை, திரைச்சீலை ஆகியவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அடுப்படிச் சுவரையும் அலமாரியையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு துடையுங்கள். அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி சமையல் சோடா இட்டுக் கொதிக்கவைத்து ஊறவிட்டால் காந்தல் எளிதில் பெயரும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா கறுக்கச் செய்யும். அதற்கு வெந்நீரும் சோப்பும் போதும். வினிகர் கலந்த நீரால் துடைக்கலாம். ஆயின் வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் சன்னல்கள் மூடியே கிடப்பதால் வாடை நெடுநேரம் தங்கும். மழை நின்ற இடைவேளைகளில் 15 நிமிடமாவது வீட்டைத் திறந்து வையுங்கள். வாடை போய்விட்டதா என்பதை உள்ளேயே இருப்பவர் சொல்ல இயலாது. மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். வெளியே சிறிது நேரம் நின்று மீண்டும் உள்ளே வந்து பாருங்கள்.

அடிக்கடி அடிப்பிடிக்கிறதா?

ஒருமுறை தீய்ந்தால் அது கவனக்குறைவு. வாரந்தோறும் தீய்ந்தால், காரணத்தை ஆராய வேண்டும். முதுமையிலும், பார்க்கின்சன் நோயின் தொடக்கத்திலும் நுகரும் ஆற்றல் குறையலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்குப் பின் அதனை இழந்த சிலருக்கு அது முழுமையாகத் திரும்பவில்லை. அடுப்பை ஏற்றியதே நினைவில் இல்லையெனில், மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். "ஆயாவுக்கு வயசாயிடுச்சு" என்று நகைத்தோ கடிந்தோ விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அதுவரை, அவர் தனியே சமைக்காமல் யாரேனும் உடனிருங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு வரவேண்டும்?

புகை பட்ட பின் இளைப்பு ஏற்பட்டால், மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை உடனே பயன்படுத்துங்கள். அதன் பின்னும் திணறல் தணியாவிடினும், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிடினும், உதடு நீலம் பாரித்தாலும், நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினாலும் 108 ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு ஐயம் எழுந்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

மீண்டும் பரிசோதனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் அடுப்பு எங்கே உள்ளது, நோயாளியின் கட்டில் எங்கே உள்ளது என்பதையும் எங்களிடம் கூறுங்கள். மருந்துச் சீட்டில் எழுத வேண்டியவற்றுள் கட்டிலை இடம் மாற்றுவதும் ஒன்றாக இருக்கலாம்.