மலக்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்குப் பின் ஆயுளைத் தீர்மானிப்பவை எவை?

"ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி எத்தனை வருடம்?" மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தவரின் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி இது. ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலின் பெரும்பகுதி, வெட்டி எடுத்த குடலைச் சோதித்து வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிறது.

முதலாவது, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது. கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் வாய்ப்பு குறையும். மலத்தில் ரத்தம் வந்தும் மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்ப்பதால்தான் பலர் அந்த நிலைக்குப் போகிறார்கள்.

அடுத்தது பலர் கவனிக்காத ஒன்று. கட்டிக்கும் வெட்டிய விளிம்புக்கும் நடுவே 1 மில்லிமீட்டருக்கு மேல் நோயற்ற திசு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே இடத்தில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். இது பெரும்பாலும் சர்ஜனின் கைத்திறனைப் பொறுத்தது. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுதாக எடுக்கும் முறையை இங்கிலாந்து மருத்துவர் பில் ஹீல்ட் 1982ல் விவரித்தார். இன்று உலகெங்கும் அதுவே அடிப்படை. ஆபரேஷனுக்கு முன் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்களா, இந்த ஆபரேஷனை அவர் அடிக்கடி செய்பவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

முன்கூட்டியே தரும் கதிர்வீச்சும் உதவும். 2001ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு 2 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 2.4 சதவீதம். அந்த 2 ஆண்டுகளில் உயிர் வாழ்ந்தோர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் இடுப்புக்குள் திரும்பும் நோயின் வலி கொடுமையானது. அதைத் தவிர்ப்பதே பெரிய லாபம்.

வயிற்றில் பை வைத்தால் உளூ நிற்குமா, எப்படித் தொழுவது என்ற கவலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. சிறுநீரை அடக்க முடியாதவருக்குள்ள சலுகை இவருக்கும் உண்டு என்று ஆலிம்கள் விளக்கியுள்ளனர். பலருக்கு அந்தப் பை சில மாதங்களுக்குத்தான்.

நோய் திரும்பினால், பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் திரும்பும். "நல்லாத்தானே இருக்கிறேன்" என்று சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையையும் சி.டி. ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது. கல்லீரலில் ஓரிரு கட்டிகள் மட்டும் தென்படும்போதே கண்டுபிடித்தால், அவற்றையும் வெட்டி எடுக்கலாம். அப்படி எடுத்து முழுமையாகக் குணமானவர்கள் இருக்கிறார்கள்.