பிடித்தலும் விடுத்தலும்

தும்பியைப் பிடித்து, அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு மகிழாத பிள்ளை நம் நாட்டில் அரிது. அந்தப் பிள்ளையிடம் சென்று, "அதை ஏனப்பா வதைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை திகைத்துப் போகும். "வதைக்கவில்லையே! எனக்கு இதை மிகவும் பிடிக்கும், அதனால்தான் பிடித்தேன்" என்று விடை கூறும். அவ்விடையில் பொய் இல்லை. 'பிடித்தல்' என்னும் ஒரே சொல் விரும்புதலையும் கைப்பற்றுதலையும் ஒருங்கே குறிப்பது தமிழின் விந்தைகளுள் ஒன்று. ஆயினும் சொல் ஒன்றாயிருப்பதனால் செயலும் ஒன்றாகிவிடுமா? விரும்பியதையெல்லாம் கைப்பற்றலாமா? கைப்பற்றிய பின்னும் அந்த விருப்பம் விருப்பமாகவே நிற்குமா?

இந்தப் பழைய வினாவை இன்று உலகின் பல நாடுகளிலும் இளைஞர்கள் சூடாக விவாதித்து வருகின்றனர். அவர்களுடைய விவாதத்துக்குக் காரணமாய் அமைந்தது 'போக்கிமொன்' என்னும் யப்பானியச் சித்திரத் தொடர். கார்ட்டூன்தானே என்று ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தள்ளிவிடலாகாது. அதிலும், பதுளையிலும் ஊவாவின் தோட்டப்புறங்களிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்வோர் இதனைச் சற்றுச் செவிமடுத்தல் நன்று. ஏனெனில், உயிர்களைப் பிடித்ததன் வரலாறும் மனிதரைப் பிடித்து வந்ததன் வரலாறும் ஒரே மலைச்சரிவில் எழுதப்பட்டுள்ள மாகாணம் இது.

பூச்சி பிடித்த சிறுவன்

டோக்கியோ நகரின் புறத்தே மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தவர் சதோஷி தஜிரி. 1965 இல் பிறந்த இவர், இளமையில் வயலோரத்திலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கூட்டாளிகள் இவரைப் 'பூச்சிப் பண்டிதர்' என்ற பொருள்பட அழைத்தனராம். நகரம் பெருகப் பெருக வயல்கள் மறைந்தன, குளங்கள் தூர்ந்தன, பூச்சிகளும் போயின. தாம் நுகர்ந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் அளிக்க விரும்பி இவர் உருவாக்கிய மின்னணு விளையாட்டு 1996 இல் வெளிவந்தது. 1997 ஏப்ரில் முதலாந் திகதி அது தொலைக்காட்சித் தொடராகியது. இழந்த இயற்கைக்கு ஈடாகப் பிறந்த கதை இது என்பதை நினைவில் இருத்துக.

கதை எளியது. ஆஷ் என்னும் பத்து வயதுச் சிறுவன் ஊர் ஊராகச் செல்கிறான். காட்டிலும் கடலிலும் வாழும் விந்தை உயிர்களை எதிர்கொள்கிறான். தன்னிடம் உள்ள உயிரை ஏவி, எதிர்ப்பட்ட உயிரோடு பொரவிட்டு, அது களைத்த வேளையில் கைக்குள் அடங்கும் பந்தொன்றை எறிகிறான். உயிர் பந்துக்குள் ஒடுங்குகிறது. அதன் பின்னர் அதுவும் அவனுக்காகப் பொருகிறது. தொடக்கத்தில் 151 ஆக இருந்த இவ்வுயிர் வகைகள் இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டன. ஆஷின் பயணமோ 2023 இல் நிறைவெய்தி, கதை புதிய நாயகர் கைக்கு மாறியது.

இரு கட்சியார்

இதனைப் பார்த்து வளர்ந்தோர் பெரியவர்களானதும் கேள்வி கேட்கத் தொடங்கினர். ஒரு சாரார் கூறுவது இது: "சேவற் போரைக் குற்றமென்று கூறும் நாம் இதனை மட்டும் எவ்வாறு இரசிக்கிறோம்? காட்டில் தன்பாட்டில் திரிந்த உயிரை அடித்துக் களைக்கச் செய்து, சிறு கூட்டில் அடைத்து, மீண்டும் அடிபட அனுப்புவது நட்பாகுமா?"

மற்றச் சாராரும் வெறுங்கையராய் இல்லை. "தொடரை ஊன்றிப் பாருங்கள். முதற் கதையிலேயே பிகாச்சு பந்துக்குள் புக மறுக்கிறது. ஆஷ் அதனை வற்புறுத்தவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டே உலகைச் சுற்றுகிறான். உருமாறி வலிமை பெறுவதற்கான கல் கிடைத்தபோதும், வேண்டுமா என்று பிகாச்சுவையே கேட்கிறான். அது வேண்டாமென்றதும் விட்டுவிடுகிறான். தான் பிடித்த வண்ணத்துப்பூச்சி துணை தேடிக்கொண்டபோது, கடற்கரையில் நின்று கண்ணீரோடு வழியனுப்புகிறான். தீயோர் சிலர் தம் உயிர்களை மழையில் கைவிட்டுச் செல்வதும் அங்கே காட்டப்படுகிறது. ஆகவே குற்றம் பந்தில் இல்லை, பிடிப்பவன் உள்ளத்திலேயே உள்ளது" என்பது இவர்கள் வாதம்.

இவ்விவாதம் கதையை ஆக்கியோரின் காதிலும் விழுந்தது போலும். 2010 இல் வெளிவந்த விளையாட்டில் அவர்களே ஒரு கூட்டத்தைப் படைத்தனர். "உயிர்களை விடுதலை செய்க" என்பது அக்கூட்டத்தின் முழக்கம். அதன் இளந் தலைவன் அவ்வுயிர்களோடு வளர்ந்தவன். அவற்றின் மொழி அறிந்தவன். உண்மையாகவே அவற்றுக்காக வருந்துபவன். ஆனால், அவனை வளர்த்து ஆட்டிவைத்தவனின் எண்ணம் வேறு. உலகோர் யாவரும் தத்தம் உயிர்களை விடுத்தபின், உயிர்களைக் கையில் வைத்திருப்பவன் தான் ஒருவனாகவே இருக்கவேண்டும் என்பது அவன் சூழ்ச்சி. அறத்தின் குரலை ஆசை எவ்வாறு இரவல் வாங்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். எனினும், அவன் வஞ்சகன் என்று காட்டியதனால் அவன் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. 2012 இல் மேனாட்டு விலங்குரிமை இயக்கமான 'பீட்டா' இதே விளையாட்டைக் கேலி செய்து தானொரு விளையாட்டை வெளியிட்டது. இரசிகர் பலர் சினந்தனர், சிலர் சிந்தித்தனர்.

பேசத் தெரிந்தவை

இரு சாராரும் போதிய அளவு கவனியாத ஒன்றை ஈண்டுச் சுட்டுவது தகும். இத்தொடரில் வரும் உயிர்கள் பெரும்பாலும் தத்தம் பெயரை மட்டுமே சொல்லிக் கூவும். பிகாச்சு 'பிகாச்சு' என்னும், அவ்வளவுதான். அது மகிழ்கிறது, சம்மதிக்கிறது, நன்றி சொல்கிறது என்று நமக்கு எடுத்துரைப்பவன் உடன் வரும் மனிதன். விலக்காக ஒரு பூனை உண்டு. மியாவ்த் என்னும் பெயருடைய அது, காதலுக்காக அரும்பாடுபட்டு மனித மொழி கற்றது. அது எந்தப் பந்துக்குள்ளும் இல்லை. 1998 இல் வந்த முதற் திரைப்படத்தில், ஆய்வுக்கூடத்தில் மனிதர் உண்டாக்கிய மியூட்டூ என்னும் உயிரும் பேசுகிறது. 'நான் யார், என்னை ஏன் ஆக்கினீர்' என்று கேட்கிறது; ஆய்வுக்கூடத்தை உடைத்து வெளியேறுகிறது. பேச வல்லவை இரண்டும் பந்துக்கு வெளியே நிற்பது தற்செயலாயினும் ஆகுக. நமக்கு அது கற்பிப்பது மிகுதி. பிடிபட்டவை மகிழ்ச்சியாக உள்ளன என்னும் சான்று, பிடித்தவன் வாயிலிருந்தே வருகின்றது.

இன்னொன்றும் உண்டு. வெறுங்கையோடு எவனும் காட்டுயிரைப் பிடிப்பதில்லை. முன்பு பிடிபட்ட ஒன்றை ஏவியே அடுத்ததைப் பிடிக்கிறான். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு ஊவாவுக்கு வருவோம்.

ஊவாவின் யானைகள்

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் என்றொரு பழைய ஆலயம் உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது அது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதவானாகவும் இருந்த அவர், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவர். 1845 ஜூன் 7 ஆந் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அக்காலத்தில் இம்மலைகளில் யானை அவ்வளவு மலிந்திருந்தது. பின்னர் கோப்பியும் தேயிலையும் காட்டை உண்டன. இன்று ஊவாவின் யானைகளைத் தாழ்நிலங்களிலேயே காண்கிறோம்.

சுடாதோர் பிடித்தனர். தமிழில் யானை பிடிக்கும் குழிக்குக் 'கொப்பம்' என்று பெயர். சங்கப் புலவர் குறுங்கோழியூர் கிழார், பாண்டியன் சிறையிலிருந்து தப்பிய சேரனைப் பாட வந்தபோது, கொப்பத்தில் வீழ்ந்த களிறு குழியின் கரையை இடித்து வெளியேறித் தன் இனத்தோடு சேர்ந்ததை உவமையாக்கினார். புறநானூற்றின் பதினேழாம் பாட்டு அது. பிடித்தவனின் திறமையைப் பாடாது, மீண்ட யானையின் பக்கம் நின்ற அவ்வுவமை எண்ணி மகிழத்தக்கது.

இலங்கையில் பட்டியடைத்து யானை பிடிக்கும் முறையும் நெடுங்காலம் வழங்கியது. பறையும் தீப்பந்தமுங் கொண்டு கூட்டத்தை வளைத்துப் பட்டிக்குள் ஓட்டுவர். பின்னர்ப் பழகிய யானைகளை உள்ளே அனுப்புவர். அவை காட்டு யானையின் இருபுறமும் அணைந்து நிற்க, அந்த மறைவிலே காலுக்குக் கயிறு விழும். அணைத்த யானையும் ஒரு நாள் அவ்வாறே பிடிபட்டதுதான். 1950 இல் பனாமுரையில் நடந்த பட்டியே இறுதியானது. அங்கே அடங்க மறுத்துப் போராடிய களிறொன்று சுட்டுக் கொல்லப்பட்டது. நாடே வருந்தியது, அதன்பின் அவ்வழக்கம் ஒழிந்தது. மறுப்பதற்கு வழியில்லாத இடத்தில் மறுத்த ஒரு யானையின் சாவு, அதுவரை எவரும் கேளாத கேள்வியைக் கேட்கவைத்தது.

பிடித்து வரப்பட்டோர்

இனிச் சொல்லப்போவதைக் கவனத்தோடு சொல்லவேண்டும். மனிதரையும் விலங்கையும் ஒரு தட்டில் வைப்பது எம் நோக்கமன்று. பிடிப்பவன் கூறும் நியாயம் இரண்டிடத்தும் எவ்வாறு ஒத்துள்ளது என்பதே பொருள்.

எம் மூதாதையரைக் கடல் கடத்திக் கொணர்ந்த முறைக்கு மலையகத்தார் வைத்த பெயர் 'ஆள் கட்டுதல்'. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையோடு ஊருக்கு வந்தவன் கங்காணி. அவன் அயலான் அல்லன். அதே ஊரான், பெரும்பாலும் உறவினன். முன் சென்றவனைக் கொண்டே பின் வருவோரைக் கூட்டிய முறை அது. வந்து சேருமுன்பே வழிச்செலவும் முன்பணமும் கடனாய் ஏறின. பின்னர் அக்கடனை எழுதிய 'துண்டு' என்னுஞ் சீட்டே அவர்களைக் கட்டும் கயிறாயிற்று. கடனை ஏற்றுக்கொள்ளும் வேறொரு தோட்டம் கிடைத்தாலன்றி இருக்குந் தோட்டத்தை விட்டு நகர இயலாது. 1921 இல் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

அக்காலத்துத் துரைமார் எழுதி வைத்தவற்றைப் படித்தால், தொழிலாளர் மனநிறைவோடு வாழ்ந்தனர் என்றே தோன்றும். லயமும் அரிசியும் கொடுத்தோம், பிள்ளையைப்போற் பேணினோம் என்பர். அவர்களுள் உண்மையாகவே அன்புடையோரும் இருந்திருக்கலாம். ஆயின், அந்த அன்பை அளக்கும் கோல் அவர்தம் உள்ளத்தில் இல்லை. துண்டுச் சீட்டில் இருந்தது. போக நினைத்தவன் போக முடிந்ததா என்பதே கேள்வி. 'குற்றம் பந்தில் இல்லை, பிடிப்பவன் உள்ளத்திலேயே உள்ளது' என்னும் வாதத்தை நம் தோட்டத்துப் பிள்ளை கேட்கும்போது, பிறர் காதில் விழாத ஓர் ஒலி அதன் காதில் விழவேண்டும் என்று யாம் சொல்வது இதனாலேயே.

இன்றைய வலைகள்

பிடிக்கும் ஆசை கற்பனையோடு நிற்கவில்லை. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் பரந்த யால வனத்திலே, 2020 மே மாதத்தில் இத்தாலியர் இருவர் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்டனர். அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் 92 வகை. 2023 செப்டெம்பரில் அவர்களுக்கு ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. இலங்கைக்கே உரிய கொம்போணான் முதலிய இனங்களையும் மேனாட்டுச் சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்கினர். 2019 இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலக மாநாடு அவற்றின் வணிகத்துக்குத் தடைகள் விதித்தது. அந்தச் சேகரிப்பாளரைக் கேட்டாலும், 'எமக்கு இவற்றை மிகவும் பிடிக்கும்' என்றே சொல்வர். முழுத்தொகுதியையும் சேர்த்துவிட வேண்டும் என்னும் வேட்கை, ஒவ்வோர் உயிரையும் பட்டியலில் ஓர் எண்ணாக ஆக்கிவிடுகிறது.

எனின், உயிரைத் தொடுவதே பாவமா? அன்று. உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995 முதல் யானைக் குட்டிகளுக்கு ஓர் இடைத்தங்கல் இல்லம் நடத்துகின்றது. தாயை இழந்த, காயமுற்ற குட்டிகளைப் பிடித்து வந்து பாலூட்டி வளர்க்கிறார்கள். ஆனால் அவற்றைக் கொஞ்சிப் பழக்குவதில்லை; மனிதன் மேல் பற்று வையாதிருக்கவே முயல்கிறார்கள். வளர்ந்தபின் காட்டிலே விடுகிறார்கள். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்டவை காடு மீண்டுள்ளன. தன்னை மறந்துபோகும்படி ஓர் உயிரை வளர்ப்பது எத்துணை அரிய அன்பு! அங்கேயும் பிடித்தல் நிகழ்கிறது. ஆயின், முதல் நாளிலேயே விடுத்தல் உறுதியாகிவிடுகிறது.

தொடரின் சிறந்த கட்டங்களும் இதனையே சொல்கின்றன. பிகாச்சு மறுத்ததும், வண்ணத்துப்பூச்சி கடல் கடந்து பறந்ததும் இரசிகர் நெஞ்சில் நின்றமைக்குக் காரணம் யாது? ஆயிரம் முறை எறியப்பட்ட பந்தை விட, எறியாது விட்ட பந்து பெரிதாய்த் தோன்றியதே காரணம். கதையை ஆதரிப்போர் காட்டும் சான்றுகள் யாவும் பிடித்ததற்குச் சான்றல்ல, விடுத்ததற்கே சான்று என்பதை இரு கட்சியாரும் உணர்வாராயின், வழக்கின் பாதி தீர்ந்துவிடும்.

எமது ஆசிரியர்கள் இப்பொருளை மாணவர் மன்றங்களில் விவாதத்துக்கு வைக்கலாம். யானையும் துண்டும் அறிந்த மண்ணின் பிள்ளைகள், யப்பானியக் கதையொன்றில் யப்பானியரும் காணாததைக் கண்டு சொல்லக் கூடும். 'இது எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொல்லும் வாய், 'விருப்பமானால் போய் வா' என்றுஞ் சொல்லக் கற்றிருந்தால் மட்டுமே அந்த முதற் சொல் மெய்யாகும்.