பொன்குழியின் தேனீக்கள்



ஒரு நகையைக் கண்டவுடன் உலகோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. 'எத்தனை பவுன்?' என்பது ஒன்று, 'என்ன விலை?' என்பது மற்றொன்று. வரலாற்றை நாடுவோர் கேட்கும் கேள்வி வேறு. 'இது எங்கே கிடைத்தது?' என்பதே அது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வியின் பெருமையை எனக்கு உணர்த்தியது, கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் நான் கண்ட சிறு பொற்பதக்கம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கிரேக்கத் தீவுகளுள் மிகப் பெரியது கிரீட். மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீண்டு, மத்தியதரைக் கடலின் நடுவே அது கிடக்கிறது. இன்றைக்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நோசஸ், பைஸ்டாஸ், மாலியா முதலிய இடங்களில் பெரிய அரண்மனைகள் எழுந்தன. பழங்கதைகளில் வரும் மினோஸ் மன்னனின் பெயரால் அந்நாகரிகத்தை மினோவ நாகரிகம் என்று வழங்குகின்றனர். அம்மக்கள் சிறந்த கடலோடிகள். அவர்களுடைய பொற்கொல்லர் கையாண்ட பொன்னும் பிற நாடுகளிலிருந்து கப்பலேறி வந்ததே. பொன் அயலாருடையது, கைத்திறன் தீவினுடையது.

மாலியா, தீவின் வடகரையில் உள்ளது. அங்கே மண்மூடிக் கிடந்த அரண்மனையை 1915ஆம் ஆண்டில் கிரேக்க அறிஞர் யோசேப்பு ஹட்சிடாகிஸ் கண்டறிந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர்கள் அகழ்வுப் பணியை மேற்கொண்டனர். அரண்மனைக்கு வடக்கே, கடலை ஒட்டினாற்போல், சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட ஈமக் கட்டடம் ஒன்று உண்டு. அவ்விடத்தின் பெயர் கிறிசோலாக்கோஸ். கிரேக்க மொழியில் அதற்குப் 'பொன்குழி' என்று பொருள். அறிஞர்கள் சூட்டிய பெயரன்று அது; ஊரார் வழங்கிய பெயர். முன்னரே அங்கே பலர் பொன் தோண்டி எடுத்துச் சென்றனர் என்பதை அப்பெயரே சொல்லாமற் சொல்லுகிறது.

தோண்டினவர் கைக்குத் தப்பிய ஒரு பதக்கம் 1930ஆம் ஆண்டில் அறிஞர் கைக்குக் கிட்டியது. இன்று அது அத்தீவின் தலைநகராகிய ஹெராக்ளியான் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. கண்ணாடிப் பேழையின் முன் நின்றபோது, நான் முதலில் அடைந்தது வியப்பன்று, ஏமாற்றமே. படங்களில் பெரிதாகக் கண்டிருந்த அதன் அகலம் ஐந்து சென்டிமீட்டர் கூட இல்லை. ஆனால், குனிந்து நோக்க நோக்க அது வளர்ந்துகொண்டே வந்தது.

இரண்டு தேனீக்கள் எதிரெதிரே வளைந்து நிற்கின்றன. தலையோடு தலையும், வாலின் நுனியோடு நுனியும் கூடுகின்றன. அவற்றின் கால்களுக்கு இடையே வட்டமான ஒரு தேனடை. தலைகளின் மேல் பொற்கம்பியாலான சிறு கூண்டு. அதனுள்ளே ஒரு பொன்மணி. சிறகுகளிலிருந்து இரண்டும், வால் நுனியிலிருந்து ஒன்றுமாக மூன்று வட்டத் தகடுகள் தொங்குகின்றன. இவை தேனீக்கள் அல்ல, குளவிகளே என்று கூறும் பூச்சியியல் அறிஞரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நான் நின்றுகொண்டிருந்தபோது உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் சிலர் ஆசிரியையோடு அங்கே வந்தனர். 'இது என்ன?' என்று ஆசிரியை கேட்டார். 'மெலிசா!' என்று சிறுவர் அனைவரும் ஒரே குரலில் கூவினர். மெலிசா என்றால் அவர்கள் மொழியில் தேனீ. குழந்தைக் கடவுளாகிய சியூஸைக் கிரீட்டின் மலைக்குகையில் தேனூட்டி வளர்த்தனர் என்பது அவர்கள் கேட்டு வளர்ந்த கதை. அத்தீவின் மலைச்சரிவுகளில் இன்றும் தேன் எடுக்கின்றனர். அறிஞர்களின் வழக்கு எவ்வாறு முடிந்தாலும், அச்சிறுவருக்கு அப்பதக்கம் வீட்டுப் பொருளே அன்றோ!

இனி அதன் வேலைப்பாட்டைச் சற்றே காண்போம். தேனடையின் மேல் மிகச் சிறிய பொன்மணிகள் நெருக்கமாகப் பதிந்துள்ளன. மணிகளைச் செய்வது அரிதன்று. பொன்துணுக்குகளைக் கரித்தூளினுள் இட்டுக் காய்ச்சினால், அவை உருகித் தாமே உருண்டையாகும். அவற்றைத் தகட்டின் மேல் ஒட்டுவதுதான் அரிது. பற்றாசு சிறிது மிகுந்தாலும் அது உருகிப் பரவி, மணிகளை மூழ்கடித்துவிடும். பண்டைப் பொற்கொல்லர் இதனை எவ்வாறு செய்தனர் என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது.

1930களில் லிட்டில்டேல் என்னும் ஆங்கிலேயர் ஒரு வழியைக் காட்டினார். செம்புக் கனிமத்தின் பொடியைப் பசையோடு குழைத்து, அதனால் மணிகளை ஒட்டித் தீயில் வாட்ட வேண்டும். பசை கருகிக் கரியாகும். அக்கரி, கனிமத்திலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ள, தூய செம்பு எஞ்சும். பொன் உருகுவதற்கு 1064 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பொன்னும் செம்பும் கலந்த கலவையோ ஏறத்தாழ 890 பாகையிலேயே உருகத் தொடங்கும். ஆகவே மணியும் தகடும் தொடும் புள்ளி மட்டும் உருகிப் பிணைய, மணி உருக்குலையாமல் நிற்கிறது. பழங்காலத்தாரும் இத்தகைய முறையையே கையாண்டிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. வெப்பமானி இல்லாத காலத்தில், தீயின் நிறத்தைக் கண்ணால் அளந்து இதைச் செய்தனர் என்றால், அவர்களுடைய திறமையை என்னென்பது!

இப்போது மற்றொரு தீவுக்குச் செல்வோம். ஏதென்ஸுக்கு அருகிலுள்ள அதன் பெயர் ஏஜினா. 1892ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலை ஒரு பொற்குவியலை விலைக்கு வாங்கியது. அது ஏஜினாத் தீவில் கிடைத்தது என்று சொல்லப்பட்டது. வந்ததோ கடற்பஞ்சு வணிகர் வழியாக. இரு கைகளிலும் வாத்துக்களைப் பற்றி நிற்கும் ஆடவன் உருவமுள்ள பதக்கம், நாய்களும் குரங்குகளும் அமைந்த வளையங்கள், பொற்கிண்ணம் ஒன்று, மோதிரங்கள், மணிகள் என அதில் பல உண்டு. அழகில் அவை மாலியாப் பதக்கத்திற்குச் சிறிதும் தாழ்ந்தவை அல்ல.

ஆனால், அவை யாருடையவை? எவருடைய கல்லறையில் இருந்தவை? ஆண் அணிந்தவையா, பெண் அணிந்தவையா? அருகே என்ன மட்கலங்கள் இருந்தன? ஒன்றும் தெரியாது. தோண்டியவர் பொன்னை மட்டும் எடுத்தனர். எடுத்த இடத்தைக் குறித்து வைக்கவில்லை. 1957ஆம் ஆண்டில் ரெனால்ட் ஹிக்கின்ஸ் என்னும் அறிஞர், இவை கிரீட் தீவின் வேலைப்பாடு என்று எழுதினார். மாலியாவின் பொன்குழியில் கொள்ளை போனவையே ஏஜினாவுக்குக் கடத்தப்பட்டிருக்கலாம் என்பதும் அவருடைய எண்ணம். பின்னர், 1982ஆம் ஆண்டில் ஏஜினாவிலேயே, ஏறத்தாழ அதே காலத்து வீரன் ஒருவனின் கல்லறை பொன்னணியோடு அகழ்ந்து காணப்பட்டது. எனவே, அப்பொற்குவியல் ஏஜினாவுக்கே உரியதாக இருத்தல் கூடும் என்னும் கருத்து மீண்டும் வலுப்பெற்றது. நூறாண்டுக்கு மேலாக அறிஞர் ஆராய்ந்தும் முடியாத கேள்வி இது. தோண்டிய அன்றே ஒருவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால், இக்கேள்வியே எழுந்திராது.

இரண்டு நகைகளும் பொன்னே. இரண்டும் பழமையே. ஆயினும் ஒன்று பேசுகிறது. மற்றொன்று ஊமையாக நிற்கிறது. மாலியாப் பதக்கம் ஓர் அரண்மனையின் அருகே, ஓர் ஈமக் கட்டடத்தில், ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வோடு பிணைந்து நமக்குக் கிடைத்தது. ஆகவே அதன் வழியே அம்மக்களின் செல்வம், வாணிகம், கலை, இறந்தோரை மதித்த முறை ஆகிய அனைத்தையும் கற்கிறோம். மற்றதிலிருந்து அழகை மட்டும் பெறுகிறோம். மணியைத் தகட்டோடு பிணைத்த பற்றாசு போன்றது, நகையை மண்ணோடு பிணைக்கும் செய்தி. அது அறுந்தால், பொன் பொன்னாகவே இருக்கும், வரலாறு உதிர்ந்துவிடும்.

மாலியா உள்ளிட்ட மினோவ அரண்மனைகளை 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. கிரீட்டின் கடைத்தெருக்களில் அத்தேனீப் பதக்கத்தின் படிகள் விற்கப்படுகின்றன. நானும் ஒன்று வாங்கினேன், வெள்ளியால் ஆனது, விலை மிகுந்ததன்று. அதைக் காணும் நண்பர்கள், 'எத்தனை பவுன்?' என்று கேட்பதில்லை. 'எங்கே கிடைத்தது?' என்றே கேட்கின்றனர். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

நண்பர்களே, நாளை நீங்கள் எந்த ஊரிலேனும் ஏர்முனையிலோ ஆற்றங்கரையிலோ பழம்பொருள் ஒன்றைக் காணலாம். அதைக் கையில் எடுக்குமுன், அது கிடக்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள், குறித்து வையுங்கள், அறிந்தோர்க்கு அறிவியுங்கள். பொன்னைக் காப்பதற்குப் பூட்டுப் போதும். அதன் வரலாற்றைக் காப்பதற்கு உங்களைப் போன்றோரின் கண்கள் வேண்டும்.