களஞ்சியமும் சமாதானமும்

படையெடுத்துச் செல்லும் வேந்தன் தன் வீரர்க்குப் பெருஞ்சோறு வழங்குவதையும், பகைவர் நாட்டை எரியூட்டுவதையும் வஞ்சித்திணையின் துறைகளாகவே தொல்காப்பியம் வகுத்துள்ளது. ஊட்டுவதும் எரிப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் முற்பட்ட இன்னொரு நிலையும் உண்டு. தூதுவர் ஒருபுறம் சமாதானம் பேசிக்கொண்டிருக்க, மறுபுறம் படைக்கான களஞ்சியம் நிரம்பிக்கொண்டிருக்கும் நிலை அது. அத்தகைய களஞ்சியம் சமாதானத்துக்குக் காவலா, அன்றிச் சமாதானத்துக்குப் பகையா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, 1793 ஆம் ஆண்டில் ஒஹாயோ ஆற்றங்கரையில் ஐக்கிய அமெரிக்காவின் எல்லைப்படை காத்துக்கிடந்த கதையாகும்.

1783 இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒஹாயோவுக்கு வடக்கேயுள்ள நிலம் தனக்கே உரியது என்று புதிய குடியரசு கருதியது. ஆனால், அந்நிலத்தில் வாழ்ந்துவந்த மயாமி, ஷோனி, டெலவேர், வையண்டொற் முதலிய பூர்வகுடியினரை அந்த உடன்படிக்கையின்போது எவரும் கேட்கவில்லை. ஒஹாயோ ஆறே எல்லை என்பது அவர்களது உறுதியான நிலைப்பாடு. அவர்களை அடக்க 1790 இல் ஜெனரல் ஹார்மர் தலைமையிற் சென்ற படை தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு ஆதர் செயின்ற் கிளேயர் தலைமையிற் சென்ற படைக்கு நேர்ந்ததோ பேரழிவு. 1791 நவம்பர் 4 ஆம் நாட் காலையில், வபாஷ் ஆற்றின் தலைப்பகுதியில், மயாமித் தலைவர் சிற்றாமையும் ஷோனித் தலைவர் நீலச்சட்டையும் நடத்திய தாக்குதலில் அப்படையினருள் 600 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்கப் படையொன்று பூர்வகுடியினரிடம் அடைந்த தோல்விகளுள் இதுவே மிகப் பெரியது.

இத்தோல்வியின் காரணத்தை ஆராயப் பிரதிநிதிகள் சபை 1792 இல் ஒரு குழுவை நியமித்தது. அமெரிக்கக் கொங்கிரஸ் நடத்திய முதல் விசாரணை இதுவேயாகும். தளபதியின் போர்த்திறனைப் பற்றிய விசாரணை என்று மக்கள் எண்ணியிருக்கலாம். ஆனால், குழுவின் கண்கள் சென்று நின்றது கிட்டங்கியின் வாயிலில். உணவு வேளைக்கு வந்து சேரவில்லை, கூடாரங்கள் ஒழுகின, சப்பாத்துகள் சில நாள் நடையிலேயே கிழிந்தன, வெடிமருந்து தரமற்றது என்ற முறைப்பாடும் இருந்தது. உணவு வழங்கும் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த வில்லியம் டூவர், அரசு முற்பணமாகக் கொடுத்த பணத்தைத் தமது ஊகவணிகத்தில் ஈடுபடுத்தியிருந்தார். அவர் 1792 இல் கடன்காரராகச் சிறை புகுந்தார். அந்த நிழல் நீங்காமலே 1799 இல் இறந்தார். குழு தளபதியைக் குற்றத்தினின்று விடுவித்து, ஒப்பந்தக்காரர்மீதும் படைப்பொருள் அதிகாரிமீதும் பழி சுமத்தியது.

ஆகவே, 1792 இல் புதிய தளபதியாக நியமனம் பெற்ற அன்ரனி வேய்ன், பகைவனுக்கு அஞ்சியதைக் காட்டிலும் வெறுஞ் சாக்குக்கே அதிகம் அஞ்சினார் எனில் மிகையாகாது. உரோமர் மரபை நினைவூட்டும் வகையில் 'லீஜியன்' எனப் பெயர் சூட்டப்பெற்ற அவரது படைக்கு 5,120 பேர் அனுமதிக்கப்பட்டனர்; அத்தொகை ஒருபோதும் நிறைவேறவில்லை. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகிய யாவும் ஒவ்வொன்றிலும் அடங்குமாறு அது நான்கு உபலீஜியன்களாக வகுக்கப்பட்டது. பிற்ஸ்பேர்க் நகரிற் குடியும் களியாட்டமும் வீரரைக் கெடுப்பதைக் கண்ட வேய்ன், 1792 நவம்பரில் ஆற்றின் வழியே சுமார் 20 மைல் கீழே படையைக் கொண்டுசென்று, லீஜியன்வில் என்னும் பாசறையை அமைத்தார். நகர மதுக்கடைகளினின்று விலகிய அக்குளிர்காலப் பாசறையில் அணிநடை, குறிவைத்துச் சுடுதல், காட்டுப்போரைப் போலிசெய்து பழகுதல் ஆகியன நாள்தோறும் நடந்தன. ஓடிப்போனவருக்குக் கடுந்தண்டனை கிடைத்தது. சிறப்பாகச் சுட்டவருக்குப் பரிசும் கிடைத்தது.

அக்காலச் சட்டம் ஒரு வீரனின் நாட்பங்கை அளந்தே வைத்திருந்தது. ஓர் இறாத்தல் மாட்டிறைச்சி அல்லது முக்கால் இறாத்தல் பன்றியிறைச்சி, ஓர் இறாத்தல் ரொட்டி அல்லது மா, சிறிதளவு மது. இவற்றுடன் நூறு பங்குகளுக்கு இத்தனை அளவென உப்பு, வினாகிரி, சவர்க்காரம், மெழுகுதிரி ஆகியனவும் சேரும். ஏட்டிற் பார்க்க எளிய கணக்கே. ஆனால், ஆயிரக்கணக்கான வாய்களுக்கு அது நாள்தோறும் காட்டினூடாகச் செல்லவேண்டும். இன்று சின்சினாற்றி நகரம் இருக்குமிடத்தில் அன்று வாஷிங்டன் கோட்டை இருந்தது. அங்கிருந்து வடக்கே ஹாமில்ற்றன், செயின்ற் கிளேயர், ஜெபர்சன் என்னும் கோட்டைகள் ஒரு கோடாக நீண்டன. அக்கோட்டைகளுக்கு மாவைச் சுமந்தவை பொதிக்குதிரைகள். குதிரைக்கும் தீனி வேண்டும். அத்தீனியையும் குதிரையே சுமக்கவேண்டும். இறைச்சி மட்டும் மாட்டு மந்தையாகத் தானே நடந்து சென்றது.

உணவு வழங்கும் பொறுப்பு எலியட், வில்லியம்ஸ் என்னும் இரு ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. ஒரு பங்குக்கு இன்ன விலை என்பதே ஒப்பந்த முறை. முன்கூட்டிப் பொருள் குவித்தால் ஒப்பந்தக்காரரின் முதல் முடங்கும். குவிக்காவிட்டாற் படை முடங்கும். இம்முரண்பாட்டை எந்தக் கட்டளையாலும் எளிதில் தீர்க்க இயலவில்லை. போதிய குதிரைகளைத் தேடி வைக்கவில்லை என்று வேய்ன் ஓயாது முறையிட்டார். எனினும், ஒப்பந்தக்காரரை வெறும் இலாபக்காரர் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. எலியட் 1794 இல் இதே பாதையிற் பகைவரின் துவக்குக்கு இரையானார்.

இவ்வாறு படை ஆயத்தமாகும் வேளையிலேதான் சமாதானப் பேச்சும் நடந்தது. 1792 இல் தூது சென்ற ஹார்டின், ட்ரூமன் என்னும் இரு அதிகாரிகள் வழியிலேயே கொல்லப்பட்டனர். ஆயினும், ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் அரசு 1793 இல் பெஞ்சமின் லிங்கன், திமொதி பிக்கறிங், பெவெர்லி ரண்டொல்வ் ஆகிய மூவரை ஆணையாளராக வடக்கே அனுப்பியது. பேச்சு முடியும்வரை தாக்குதல் எதுவும் கூடாது என்று போர்ச் செயலாளர் ஹென்றி நொக்ஸ் வேய்னுக்குக் கட்டளையிட்டார். அவ்வாண்டு மே மாதம் வாஷிங்டன் கோட்டைக்கு அருகே வந்து இறங்கிய படை, வேறு தகுந்த இடம் கிட்டாமையால் வெள்ளம் ஏறும் தாழ்நிலத்திற் பாசறை அமைத்தது. 'வேறு வழியில்லை' என்னும் பொருள்படும் 'ஹொப்சன்ஸ் சொய்ஸ்' என்றே அப்பாசறைக்குப் பெயரும் வைத்தனர்.

தாக்கக்கூடாது என்ற கட்டளை, சேமிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. வேய்ன் வடக்கே வழி திருத்தினார். முன்னணிக் கோட்டைகளுக்கு மாவும் மாடும் அனுப்பினார். செயின்ற் கிளேயரின் முடிவை அறிந்த எந்தத் தளபதியும் அதனையே செய்திருப்பான். பேச்சு முறிந்த பின்னர் உணவு தேடத் தொடங்கினாற் குளிர்காலம் முந்திக்கொள்ளும். அவரது பக்கத்திலிருந்து நோக்கின் இது வெறும் முன்னெச்சரிக்கையே.

ஆனால், காட்டின் மறுபக்கத்திலும் கண்கள் இருந்தன. ஜூலை மாதத்திற் பூர்வகுடியினரின் தூதுக்குழுவொன்று ஆணையாளரை நயாகராவிற் சந்தித்தது. அக்குழு எழுப்பிய வினாக்களுள் ஒன்று எல்லையைப் பற்றியது. மற்றொன்று வேய்னின் படை ஆயத்தத்தைப் பற்றியது. சமாதானம் நாடுவோர்க்குப் புதிய பாதை எதற்கு என்பதே அவர்களது ஐயம். ஆணையாளர் பதறி நொக்ஸுக்கு எழுத, முன்னணிக் கோட்டைகளில் வழமைக்கு மேற்பட்ட படையைப் பின்வாங்குமாறு நொக்ஸ் வேய்னுக்கு எழுதினார். வேய்ன் மனங்கசந்து கீழ்ப்படிந்தார்.

பூர்வகுடியினரும் வெறுங்கையுடன் இருந்தவரல்லர் என்பதை ஈண்டு நடுநிலையோடு கூறவேண்டும். மோமீ ஆற்று அருவிக்கருகே கூடிய அவர்களது பேரவைக்குப் பிரித்தானிய அதிகாரி அலெக்சாந்தர் மக்கீயின் கிட்டங்கியிலிருந்து உணவும் வெடிமருந்தும் கிடைத்தன. மோஹோக் தலைவர் யோசேப் பிராண்ட் எல்லையில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என வாதிட்டார். பெரும்பான்மையோர் அதனை ஏற்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்திற் பேரவை அனுப்பிய விடை, அக்காலப் பத்திரங்களுள் மறக்கவொண்ணாத ஒன்று. எங்களுக்குப் பணத்தாற் பயனில்லை. நிலத்தைத் தேடி வந்திருக்கும் குடியேறிகளோ ஏழைகள். எங்களுக்குத் தரவிருக்கும் பணத்தை அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுங்கள். எங்களைப் பணியவைக்கப் படை திரட்டுவதற்கும் அதற்குச் சம்பளம் கொடுப்பதற்கும் செலவிடும் பெருந்தொகையையும் அதனோடு சேர்த்தால் அவர்கள் வேறிடம் செல்லப் போதுமானதாக இருக்குமே என்பது அவ்விடையின் சாரம். பேச்சு மேசையில் வைக்கப்படாத படைச்செலவுக் கணக்கை மறுபக்கத்தார் தாமே எடுத்து மேசையில் வைத்துவிட்டனர். ஆகஸ்ட் 16 ஆம் நாள் பேச்சு முறிந்தது.

அப்பேச்சு உண்மையிலேயே உளமார்ந்ததா? அக்காலத்தில் அரசுச் செயலாளராக இருந்த தோமஸ் ஜெபர்சன் அவ்வாண்டு நவம்பரில் எழுதிய கடிதமொன்றில், இம்முடிவைத்தவிர வேறெதையும் தாம் எதிர்பார்க்கவில்லை என்றும், ஏற்கத்தக்க நிபந்தனைகளிற் சமாதானம் கிட்டாது என்பதைக் குடிமக்களுக்குக் காட்டவே பேச்சில் இறங்கியதாகவும் குறிப்பிட்டார். மோமீ ஆற்றங்கரையிற் கூடியிருந்தோர் அக்கடிதத்தைக் கண்டிருக்க இயலாது. எனினும், ஜெபர்சன் மையால் எழுதியதை அவர்கள் பாதையிலும் மா மூட்டையிலும் முன்னரே படித்துவிட்டனர்.

செப்டெம்பரிற் செய்தி பெற்ற வேய்ன் ஒக்டோபர் 7 ஆம் நாள் வடக்கே புறப்பட்டார். பத்து நாளில் ஓர் உணவுத்தொடர் தாக்கப்பட்டது. அதனைக் காத்துச் சென்ற அதிகாரிகளான லௌரியும் பொய்டும் வீரர் பலருடன் மாண்டனர். குதிரைகள் கவரப்பட, வண்டிகள் பாதையில் நின்றன. மேலும் முன்னேறாமற் கிறீன்வில் கோட்டையைக் கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்க வேய்ன் முடிவுசெய்தார். அவ்வாண்டு டிசம்பரில், செயின்ற் கிளேயரின் வீரர் மாண்ட அதே களத்தில் றெக்கவரிக் கோட்டை எழுந்தது. 1794 ஜூன் 30 இல் அக்கோட்டைக்கு வெளியே நடந்த பெருந்தாக்குதலும் முதலிற் பாய்ந்தது பொதிக்குதிரைத் தொடர் மீதே.

முடிவான போர் 1794 ஆகஸ்ட் 20 இல், புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்த இடமொன்றில் நடந்தது. அங்கும் விதியை எழுதியது உணவே. போருக்குமுன் உண்ணாதிருப்பது பூர்வகுடி வீரரின் வழக்கம். வேய்ன் எதிர்பார்த்த நாளில் வரவில்லை. மூட்டைமுடிச்சுகளை வைக்க 'டெப்போசிற்' என்னும் காவலிடம் அமைப்பதில் ஒரு நாள் கழிந்தது. மறுநாள் அவர் வந்தபோது, பசியாற்றச் சென்றிருந்த வீரர் பலர் களத்தில் இல்லை. போர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தோற்றோர் அருகிலிருந்த பிரித்தானியரின் மயாமிக் கோட்டையை நாடினர். அதன் கதவுகள் திறக்கவில்லை. பின்னர் மோமீ ஆற்றின் இருமருங்கும் பரந்திருந்த சோளவயல்கள் தீக்கிரையாயின. அத்துணைப் பெரிய சோளவயல்களை அமெரிக்காவில் எங்கும் கண்டதில்லை என்று வேய்னே வியந்து எழுதினார். வியந்த கையே தீயும் வைத்தது. பெருஞ்சோறும் எரியும் ஒரு திணையே என்ற நம் இலக்கணம் அங்கே மெய்யாயிற்று.

1795 ஆகஸ்ட் 3 இற் கிறீன்வில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. இன்றைய ஒஹாயோ மாநிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. அதற்கீடாக 20,000 டொலர் பெறுமதியான பொருள்களும், ஆண்டுதோறும் 9,500 டொலர் பெறுமதியான பொருள்களும் பேசப்பட்டன. கோடை முழுவதும் அங்கு வந்து கூடிய பூர்வகுடியினர்க்கு உணவளித்தது போருக்கென நிரப்பிய அதே களஞ்சியம். வயல் எரிந்தவர் வேறெங்கே சென்று உண்பர்?

வேய்னின் முன்னெச்சரிக்கையைக் குறைகூறுவது எளிதன்று. பசித்த படை தன்னையும் காக்காது, தன்னை நம்பி வந்தவரையும் காக்காது. எனினும், களஞ்சியம் ஊமையன்று என்பதே 1793 புகட்டும் பாடம். தூதுவனின் சொல்லை ஐயுறலாம், மறுக்கலாம். காட்டினூடே வடக்கு நோக்கி நகரும் மா மூட்டையை எவரும் ஐயுறுவதில்லை. ஓர் அரசின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் தூதுவர் ஓலையோடு களஞ்சியக் கணக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எழுத்தறியாதவர் என்று இகழப்பட்ட மக்கள் அதனை மிகச் செவ்வையாகப் படித்திருந்தனர்.