சொத்தும் சொந்தமும் – 14: வெளியேற்றப்பட்டவரின் மகன்

பால்சாக்கின் கோரியோ கிழவர் மகள்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு விடுதி அறையில் செத்ததும், அடக்கத்துக்கு மகள்கள் வராமல் ஆளில்லாத இரண்டு வண்டிகள் மட்டும் வந்ததும் சென்ற வாரம் பார்த்தவை. அவர் வாழ்ந்த பிரான்சில் 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பெற்றவர் சொத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கைக் கட்டாயமாக்கியிருந்தது. அதே நூற்றாண்டில் நாஞ்சில் நாட்டில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு நடப்பில் இருந்தது.

நாஞ்சில் வேளாளரில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியினர். சொத்து பெண்வழியில் இறங்கும். அதை ஆள்வது குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர். அவருக்குப் பின் உரிமை சகோதரியின் மக்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு. அதையும் வாதாடித்தான் வாங்க வேண்டியிருந்தது. காரணவர் கண்ணை மூடினால், அவர் வீட்டில் ஆண்டுக்கணக்காக உழைத்த மனைவி பிள்ளைகளோடு படியிறங்க வேண்டும்.

இந்தத் துயரத்தைத்தான் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஆக்கினார். 1917-18இல் 'தமிழன்' இதழில் தொடராக வந்த நூல் அது. ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். படித்தால் சிரிப்பு வரும். சிரிப்புக்கு அடியில் இருப்பது சோற்றுக்கு வழியில்லாத ஒரு தாயின் கணக்கு. சட்டம் மாறவேண்டும் என்ற குரலுக்கு இந்த நூல் வலுச் சேர்த்தது. கொல்லம் 1101இல், அதாவது 1925-26இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது.

அந்தச் சட்டம் போய்ச் சேர்ந்த இடம் வியப்பானது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மருமக்கள்வழிச் சட்டம் என்றால் எது என்று விளக்கும்போது ஒரு பட்டியல் தருகிறது. நாயர் சட்டம், ஈழவர் சட்டம் ஆகியவற்றோடு, 'நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம், 1101' என்று கொல்லம் ஆண்டோடு அதில் அச்சாகியிருக்கிறது. தோவாளைக்கும் அகத்தீசுவரத்துக்கும் இடையிலான வயல்வெளிக் குடும்பங்களின் வழக்கு, டெல்லியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்குள் ஏறிவிட்டது. அது நிறைவேறியது ஜூன் மாதம்; நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது அவ்வாண்டு நவம்பர் 1 அன்றுதான். 17ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொதுவிதிப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்துக்கு முதல் வரிசை வாரிசுகள் பிள்ளைகளும் கணவனும். மருமக்கள்வழிப் பெண் என்றால் முதல் வரிசையில் பிள்ளைகளும் அவளுடைய தாயும். கணவன் இரண்டாம் வரிசையில்தான் வருகிறான். ஒரு பெண்ணுக்கு முதல் சொந்தம் யார் என்ற பழைய நம்பிக்கை இப்படிச் சட்ட வரியாக நின்றுகொண்டிருக்கிறது.

வேளாளர் வீட்டில் பெண் கணவன் வீட்டுக்கு வந்தாள். நாயர் தறவாட்டில், அதாவது தாய்வழிக் குடும்ப வீட்டில், பெண் தன் வீட்டிலேயே இருந்தாள், கணவனே வந்துபோகிறவன். ஆகவே அங்கே வெளியே நிற்க நேர்ந்தவன் ஆண். 2012இல் வந்த 'ஒழிமுறி' என்ற மலையாளப் படம் இந்த இரண்டாவது துயரத்தை எடுத்துக்கொண்டது. ஒழிமுறி என்பது மணவிலக்குப் பத்திரம். இயக்கியவர் மதுபால், தன் 'உறவிடங்கள்' நினைவுக் கட்டுரைகளிலிருந்து திரைக்கதை எழுதியவர் ஜெயமோகன். முதுமையில் மீனாட்சி கணவர் தாணுப்பிள்ளை மேல் மணவிலக்கு வழக்குப் போடுகிறாள். தாணுப்பிள்ளையின் கொடுமைக்கு வேர் அவரது இளமையில் இருக்கிறது. அவருடைய தாய் காளிப்பிள்ளை, மல்லரான கணவர் சிவன்பிள்ளையை ஒரு நாள் வீட்டைவிட்டு விலக்கிவிட்டாள். விலக்கப்பட்டவரின் சீரழிவைப் பார்த்து வளர்ந்த மகன், ஆயுள் முழுக்கப் பெண்ணைக் கண்டு அஞ்சினார். அந்த அச்சம் மனைவியை அடக்குவதாக வெளிப்பட்டது. தந்தை, மகன் இரண்டு வேடங்களிலும் நடித்தவர் லால். அந்த நடிப்பு 60ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்புப் பெற்றது, முழுவதும் தகுதியானது.

பிள்ளைக்குப் பங்கு உறுதி என்ற சட்டத்தின் கீழ் கோரியோ தனியாகச் சாகிறார். பிள்ளைக்கும் கணவனுக்கும் பாத்தியதை இல்லாத வழக்கத்தின் கீழ் சிவன்பிள்ளை தனியாகிறார். இரண்டு கதைகளிலும் உறவு பாத்தியதை இல்லாத இடத்திலிருந்தே வருகிறது. கோரியோவின் படுக்கையருகே இருந்தது ரஸ்தினாக், அதே விடுதியில் தங்கிய மாணவன். 'ஒழிமுறி'யில் தாணுப்பிள்ளையின் வழக்கறிஞர் பாலா, எதிர்த்தரப்பில் தாய்க்குத் துணைநிற்கும் மகன் சரத்தோடு பழகி, வழக்கின் உள்ளே இருக்கும் குடும்பத்தை அறிகிறாள். மருமகள் மீனாட்சிக்குக் காளிப்பிள்ளை வெறும் மாமியாராக இல்லாமல், நிமிர்ந்து வாழ்ந்த ஒரு பெண்ணாகத் தெரியத் தொடங்குவது படத்தின் மிக அரிய பகுதி.

இந்த வாரத்துக்கு உரியதாயிருந்த விக்தர் யூகோவின் ழான் வல்ழானும் கொசெத்தும், சுத்தானந்த பாரதியின் 'ஏழை படும் பாடு' தமிழாக்கமும், 1950இல் கே. ராம்நாத் இயக்கிய அதன் படமும் அடுத்த வாரம்.