பாய்க்கலத்தின் மேற்றள ஆணிகளில் மறைந்துறையும் துரு

பாய்க்கலத்தின் மேற்றளத்தில் நாம் காணும் உலோக உறுப்புகள் பலவாம். கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்புகள், கைப்பிடிக் கம்பங்கள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக்கயிறுகளைப் பிணித்து நிற்கும் பட்டைகள் முதலியன அவை. இவை வெளியே வெள்ளிபோல் ஒளிரினும், இவற்றின் வலிமை தளத்தைத் துளைத்து உட்செல்லும் மரையாணிகளைப் பற்றியே நிற்கின்றது. அவ்வாணிகளின் நடுப்பகுதியோ எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. பட்டையொன்று அறுமாயின் பாய்மரமே சாயும். மாலுமிகளின் உயிரும் ஊசலாடும். ஆதலின் மறைவிடத்துத் துருவை ஆராய்ந்தறியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வபாயம் புதியதன்று. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையார் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைப் புழு அரிக்காவண்ணம் செப்புத் தகட்டால் போர்த்தினர். அது மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்டபின், 1763-ஆம் ஆண்டில் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் இடையே தங்கியிருந்த இடங்களில் மாத்திரம் ஆணிகள் கேடின்றி இருந்தன. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடின் மின்னோட்டம் தோன்றி, அவற்றுள் ஒன்று கரையும் என்பதே இதன் காரணம். மேற்றளத்து உறுப்பும் அதன் ஆணியும் வெவ்வேறு உலோகமாயின், அங்கும் இதுவே நிகழும்.

துருப்பிடியா எஃகுக்கு இக்கேடு இல்லை எனப் பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. அவ்வெஃகிலுள்ள குரோமியம் பிராணவாயுவோடு கூடி மேற்பரப்பில் மிக மெல்லிய படலமொன்றை உண்டாக்குகின்றது. அப்படலமே அதற்குக் கவசம். கீறல் விழினும், பிராணவாயு கிடைக்குமளவும் படலம் மீண்டும் உண்டாகும். ஆணித் துளைக்குள் உப்புநீர் கசிந்து தேங்கினாலோ, அங்குப் பிராணவாயு குன்றும், குளோரைடு திரளும், நீர் அமிலத்தன்மை அடையும், படலம் அழியும். வெளியே தலை பளபளக்க, உள்ளே ஆணி இடை மெலியும்.

இதனைக் காட்டும் குறிகள் சில உள. உறுப்பின் அடியினின்று பழுப்புநிறக் கறை வழிதல் முதற்குறி. தளத்தின் கீழ்ப்புறத்தில் ஆணியைச் சுற்றி மரம் கறுத்தலும், ஊசியாற் குத்த மெத்தென்றிருத்தலும் இரண்டாங் குறி. கையால் அசைக்க உறுப்பு ஆடுதல் மூன்றாவது. பட்டைகளின் வளைவுகளையும் துளைகளின் ஓரங்களையும் பூதக்கண்ணாடியால் நோக்க வேண்டும். ஐயம் எழுமாயின், அவ்விடத்தைத் துடைத்துச் சிவப்புச் சாயநீர் பூசி, சிறிது நேரங்கழித்து மேற்சாயத்தை நீக்கி, அதற்குரிய வெண்பொடியைத் தூவுக; மயிரிழை விரிசலும் செங்கோடாகத் தோன்றும். பித்தளைத் திருகாணியைச் சுரண்டும்போது மஞ்சள் நிறமின்றி இளஞ்செந்நிறம் காணின், துத்தநாகம் நீங்கி அது வலுவிழந்ததென்று அறிக.

குறியொன்றும் இல்லையெனினும், ஓராணியைக் கழற்றிப் பார்த்தலே உறுதியான சோதனை. அதன் இடை மெலிந்தோ குழிவிழுந்தோ இருப்பின், உடனிருந்த ஆணிகள் அனைத்தையும் கழற்றிச் சோதித்தல் வேண்டும். பழுதுற்றவற்றை மாற்றி, நீர் புகாப் பசையிட்டுத் துளையை அடைத்து முடுக்குக. துறையில் ஓராணியைக் கழற்றச் செல்லும் நாழிகை சிறிது. நடுக்கடலில் அதே ஆணி அறுமாயின், அதனை மாற்ற நமக்கு நாழிகை கிடைப்பதில்லை.